திரை இருண்டிருக்கும்போது

ஏழு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.
அம்பூர் சாலையில் வண்டியை விட்டுவிட்டு
பெரிய வாய்க்காலைத் தாண்டித்தான் வரவேண்டும்.
மூக்கைப் பொத்தாமல் தாண்டிப் பாருங்கள்.
முதல் காட்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது.
டிக்கெட்டில் அதைப் போடவில்லை.

நான் மேடைக்கு வரமாட்டேன்.
கடைசி வரிசைக்கும் பின்னால்
ஒரு ப்ளைவுட் மேசை, லேப்டாப், டீ பிளாஸ்க்.
அவர்கள் பாடும் தமிழை
மேடைக்கு மேலே தமிழிலேயே எழுதிக் காட்டுவது என் வேலை.
தமிழுக்கு எதற்குத் தமிழ் என்பீர்கள்.
ஓபராவில் ஓர் ஐயோ
பதினோரு நொடி நீளும்.
முடிவதற்குள்
யாருக்காக என்பது மறந்துபோகும்.

எதை எதிர்பார்க்கலாம் என்று போன் செய்கிறார்கள்.
பிள்ளைகளைக் கூட்டிவரலாமா,
இடைவேளை உண்டா,
கடைசியில் நியாயம் கிடைக்கிறதா.
முதலிரண்டுக்குப் பதில் சொல்லிவிட்டு
மூன்றாவதுக்கு ரிசீவரை
ஜெர்மேன் சவரிராயலுவிடம் கொடுத்துவிடுகிறேன்.
இசை அவருடையது.
அவரும் யாரிடமாவது கொடுக்கத்தான்
சுற்றுமுற்றும் பார்க்கிறார்.

கலிவரதன் என்று ஒருவர்.
ஒரு விடுதி, அதன் கழிவுத்தொட்டி.
பெயரை மாற்றலாமா என்று கேட்டபோது
அஞ்சலாட்சி வேண்டாம் என்றுவிட்டார்:
"பேப்பர்லயே தப்பாத்தான் போட்டாங்க.
நீங்களாச்சும் சரியாப் போடுங்க."

பதினாறு பேர் கறுப்புக் கோட்டில் நின்று
முதல் தகவல் அறிக்கையை அப்படியே பாடுவார்கள்.
'மேற்படி நபர் தானாகவே இறங்கியதாக'
அந்தத் தானாகவே-யை
நான்கு குரலில் அடுக்கிக்கொண்டே போவார்கள்,
கூரையைத் தொடும்வரை.
அழகாக இருக்கும்.
அழகாக இருப்பதற்கே கூச்சமாகவும் இருக்கும்.
இருக்கட்டும்.

கலிவரதனாக வருபவன் பெங்களூர்ப் பையன்.
ழ வராது.
குழியில் இறங்கினேன் என்பதைக்
குளியில் இறங்கினேன் என்பான்.
நான் மேலே சரியாகத்தான் எழுதுகிறேன்.
ஒத்திகையில் அஞ்சலாட்சி சொன்னார்,
அவரும் அப்படித்தான் சொல்வார் என்று.
வேலை முடிந்து வந்தால்
இரண்டு தடவை குளிப்பாராம்,
சோப்பை ஒளித்து வைத்தாலும் தேடி எடுத்து.

அன்றைக்கு அவர் பையை மடியில் வைத்தபடி
முழுவதும் பார்த்தார்.
அப்போது தொட்டிக்குள் ஏழு நிமிடப் பாட்டு இருந்தது,
உச்ச ஸ்தாயியில், வயலின்களோடு.
முடிந்ததும் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.
"உள்ள எறங்குனவன் ஏழு நிமிசம் பாடுவானாம்மா?
எம் பேரக்கூட கூப்புடல அவரு."
ஜெர்மேன் பென்சிலைக் கீழே வைத்தார்.
விடியும்வரை அதைத் திரும்ப எடுக்கவில்லை.

இப்போது அந்தப் பாட்டு காலையில் வருகிறது,
தரைக்கு மேலே, சட்டைப் பொத்தான் போடும்போது.
ஏழு நிமிடமும் வீட்டுப் பேச்சு.
பைக் தவணை கட்டியாச்சா,
காரப்பொடி மீன் கிடைத்தால் வாங்கு,
சாயங்காலம் சுடுதண்ணி போட்டு வை.

பிறகு இறங்குகிறார்.
நாற்பத்துமூன்று நொடிகள்
மோட்டார் சத்தம் மட்டும்.
வயலின்காரர்கள் வில்லை மடியில் வைத்திருப்பார்கள்.
என் திரை இருண்டிருக்கும்.
முதல்நாள் முன்வரிசையில் ஒருவர் திரும்பி
எனக்குக் கையைக் காட்டினார்,
புரொஜெக்டர் போய்விட்டது என்று.
போகவில்லை. அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.
விரல் பொத்தான்மேல்தான் இருக்கிறது.
அடுத்த வரி தயார்:
தண்ணி ஆறிப்போச்சு.
அதைப் பாட அஞ்சலாட்சியாக வருபவர்
வாய் திறக்கும்வரை அழுத்தமாட்டேன்.

இன்னொன்று.
சி வரிசையில் பதினொன்றும் பன்னிரண்டும்
காலியாக இருக்கும். உட்காராதீர்கள்.
தனக்குத் தந்த இரண்டு இலவச டிக்கெட்டையும்
விடுதி முதலாளிக்கும் ஒப்பந்தக்காரருக்கும்
அஞ்சலாட்சி கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.
மூன்று நாளாகிறது, அவர்கள் வரவில்லை.

ஏழு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்றேன்.
சரியாகச் சொன்னால்
ஏழு ஐந்துவரை
ஒரு கதவை ஒருக்களித்து வைத்திருக்கிறோம்.
வாய்க்கால் வாடை கொஞ்சம் உள்ளே வரும்.